நெத்திலி கரையேறிய திங்கள்கிழமை

சொராய்தா திங்கள்கிழமைகளில் கடை போடுவதில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஜன்னலில் வெளிச்சம் ஏறும்வரை படுத்துக் கிடப்பாள். ஆனால் அந்தத் திங்கள்கிழமை வெள்ளென எழுந்து, ஒரு பானை மஞ்சள் உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடு ஆறும் முன்பே தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆறவிட்டால் கிழங்கு கட்டி கட்டியாக நிற்கும். விரல் நுனிகளை ஊதி ஊதி, கழுத்தில் வியர்வை வழிய உரித்தாள். மருமகள் மரித்சா எதிரில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்தாள்.

"யாருக்கு அத்தே இவ்வளவு? கப்பல் ஏதாவது வருதா?"

"அஞ்சு பேருக்கு."

"உங்க மகன் வருவானான்னே தெரியல. வந்தாலும் வாயில வைப்பானான்னு தெரியல."

"சாப்பிடாமச் சண்டை போட அவனுக்குத் தெரியாதுடி. சின்ன வயசுலேர்ந்தே வயிறு நெறஞ்சாத்தான் அவனுக்குக் கோபமே வரும்."

மரித்சா சிரித்ததில் எலுமிச்சை விதை கிண்ணத்துக்குள் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டே, "எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல அத்தே, சந்தோஷத்துல. உங்களுக்கு?" என்றாள்.

"மூணு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு" என்றாள் சொராய்தா. அறுபத்தோரு வயதில் இப்படி ஒரு தவிப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. பயமா ஆசையா என்று பிரித்துச் சொல்ல முடியாத தவிப்பு.

மகன் எடில்பெர்த்தோ இரவு வேலை முடிந்து வந்து வாசலில் நின்றான். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னான்.

"நான் வர்றது சாப்பிட இல்ல. அந்தாளு மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை சொல்லிட்டு வர்றதுக்கு."

"சொல்லு. அதுக்கு முன்னாடி சட்டையை மாத்திக்கோ. டீசல் நாத்தம் தாங்கல."

விஷயம் இதுதான். கய்யாவோ துறைமுகத்தில், படகுத்துறை வாசலில் சொராய்தாவுக்கு ஒரு தள்ளுவண்டிக் கடை. வறுத்த மீனை ரொட்டிக்குள் வைத்து, மேலே வெங்காயமும் மிளகாய் விழுதும் அள்ளிப் போட்டுக் கொடுப்பாள். சுமை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், சுங்க அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் என்று விடிகாலையில் வரிசை வளைந்து நிற்கும். அந்த வரிசையில் மூன்று வருடங்களாகத் தினமும் நிற்பவர் நிக்கனோர். லா புந்தா கரையில் படகு வைத்திருக்கிறார். கரையோரம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் தீவைக் காட்டிவிட்டுத் திரும்புவார். மனைவி இறந்து பல வருடம். வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துவிட்டுத்தான் ரொட்டியைக் கடிப்பார். "வேண்டாம்னா சொல்லலாம்ல" என்று சொராய்தா கேட்டதற்கு, "நீங்க போட்டதை வேண்டாம்னு எப்படிச் சொல்றது" என்றார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் வெங்காயம் இல்லாத ரொட்டி.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், வரிசை சாலைவரை நீண்டிருக்க, தன் முறை வந்ததும் அவர் ரொட்டி கேட்கவில்லை.

"சொராய்தா, நீங்க என்கூட வந்து இருந்துடுங்களேன். முறையாக் கல்யாணம் பண்ணிக்கலாம்."

எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் இருபது ஆண்கள் மூச்சை அடக்கி நின்றார்கள். சொராய்தா கரண்டியை ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த ஆள்!" என்றாள். அடுத்த ஆளுடைய ரொட்டியில் மிளகாய் விழுதை மூன்று தரம் அள்ளி வைத்தாள். அவன் கண்ணீர் வழிய, மறுபேச்சில்லாமல் தின்றுவிட்டுப் போனான்.

மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துபோனது. கிரேன் மேலிருந்து ஒருத்தன் கூவினான்: "டேய் எடி! கல்யாணத்துக்கு உங்கம்மாவே சமைக்கிறாங்களா, இல்ல அன்னைக்கு லீவா?" இறங்கிப் போய் அடிக்க முடியாத உயரத்தில் இருந்தான் அவன். அந்த ஆத்திரத்தையெல்லாம் எடில்பெர்த்தோ வீட்டுக்குக் கொண்டுவந்தான். "அந்தப் படகுக்காரனோட போனேன்னா அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்கக்கூடாது" என்று கத்தினான். வீடு தன் பெயரில்தான் இருக்கிறது என்று சொராய்தா அப்போது சொல்லவில்லை.

அந்தப் பக்கமும் இதே கதைதான். நிக்கனோரின் மகள் ஃபியோரெல்லா, முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், ஒரு நாள் வரிசையில் வந்து நின்றாள். தன் முறை வந்ததும் சொராய்தாவை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா?" என்றாள். ஒரு ரொட்டி வாங்கித் தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான்.

ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் வரமாட்டார்கள். மாதா கோயிலில் சந்தித்தால் தேதி குறித்தாயிற்று என்று ஊர் பேசும். எனவே சொராய்தாவே முடிவு பண்ணினாள்: திங்கள்கிழமை, லா புந்தாவின் கூழாங்கல் கரை, மத்தியானச் சாப்பாடு. கோடைக் கூட்டம் கலைந்த ஏப்ரலில், அதுவும் திங்கள்கிழமையில், அங்கே ஈ காக்கை இருக்காது. கத்தினாலும் கடல் கேட்டுக்கொள்ளும்.

சவாரி வேனுக்குள் மரித்சா மடியில் மசித்த கிழங்குக்குள் கோழி வைத்த தட்டு. சொராய்தா மடியில் பெட்டிக்குள் கேஸ் அடுப்பு, மேலே வாணலியும் எண்ணெய் பாட்டிலும். "வாணலி எதுக்கும்மா?" என்று எடில்பெர்த்தோ கேட்டதற்கு, "சுடச்சுட ஏதாவது போடலாம்னுதான்" என்றாள். வாணலி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினால் கையில்லாமல் கிளம்பினதுபோல அவளுக்கு. அவன் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் உதடுகளை அசைத்தபடியே வந்தான். கோட்டையின் நீளச் சுவர் ஜன்னலோரம் ஓடி முடிந்தது. அப்புறம் நிலம் குறுகிக் குறுகி இரண்டு பக்கமும் கடல் வந்தது.

"மனப்பாடம் பண்றான் அத்தே" என்று மரித்சா காதில் சொன்னாள். "பேச்சுப்போட்டிக்குப் போற மாதிரி."

"ஷ்."

கரையில் ஒரு ஆள் இல்லை. சாம்பலும் கறுப்புமாகக் கற்கள். முட்டை அளவில் சில, ரொட்டி அளவில் சில. எல்லாம் கடல் உருட்டி உருட்டி மழுங்கவைத்தவை. மேட்டில் கவிழ்த்துப்போட்ட படகுகள். வளைவுக்குள் இருப்பதால் அலை சத்தமில்லாமல் வரும். திரும்பும்போதுதான் கற்களை இழுத்துக்கொண்டு போகும். கரகரவென்று ஆயிரம் பேர் ஒன்றாகத் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். குதி உயர்ந்த செருப்போடு வந்த மரித்சா நாலாவது எட்டில் விழப்போய், செருப்பைக் கழற்றி எடில்பெர்த்தோவின் கால்சட்டைப் பைகளில் பைக்கு ஒன்றாகச் செருகினாள்.

நிக்கனோர் தண்ணீர் தொட்டுத் தலைவாரி, மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். அகலத் தோள், வெயில் தின்ற முகம். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டி, முன்னால் கட்டி, கடைசியில் அடுப்பை வாங்கிக்கொண்டார். ஃபியோரெல்லா மடக்கு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு, நீதிபதிபோல உட்கார்ந்திருந்தாள்.

கற்களின் மேல் மேசைவிரிப்பை விரித்தார்கள். கற்களில் உட்காரவும் ஒரு வித்தை வேண்டும். இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துக் குழி பண்ணிக்கொள்ள வேண்டும். ஆளாளுக்கு இடுப்பை அசைத்து உட்கார்ந்து முடிக்கவே கொஞ்ச நேரமானது. யாரும் சிரிக்கவில்லை. மரித்சா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சென்யோரா, ஒரு விஷயம் கேக்கலாமா?" என்று ஃபியோரெல்லா ஆரம்பித்தாள்.

"கேளும்மா."

"எங்கப்பாவுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். நீங்க காலையில எண்ணெயில பொரிச்சுப் போடுறீங்க. மத்தியானம் என்ன போடுவீங்க?"

"உங்கப்பா மத்தியானத்துல இப்ப என்ன சாப்பிடுறார்?"

ஃபியோரெல்லா அப்பாவைப் பார்த்தாள். நிக்கனோர் கடலைப் பார்த்தார்.

"பிஸ்கெட்டு" என்றார்.

"அப்பா!"

"சில நாள் ரெண்டு பாக்கெட்டு."

"எனக்குத் தெரியாதே? நான் டப்பாவுல குடுத்து அனுப்புற சூப்பு?"

"அது... கூழைக்கடாவுக்குப் பிடிக்கும்மா."

மரித்சா இருமுவதுபோல முகத்தை மூடிக்கொண்டாள். ஃபியோரெல்லாவின் மூக்கு சிவந்தது. "அடுத்த கேள்வி" என்றாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "எங்கம்மாவோட அடுப்படி அங்க அப்படியே இருக்கு. அம்மா தொங்கவிட்ட இடத்துலதான் கரண்டி தொங்குது."

"தொங்கட்டும். எனக்கு என் கரண்டி இருக்கு."

சொராய்தா கிழங்குத் தட்டை நகர்த்தி, ஃபியோரெல்லாவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தாள். எடில்பெர்த்தோவுக்கும் வெட்டி வைத்தாள். அவன் அம்மா சொன்னது போலவே மொத்தத்தையும் தின்றான். வறுத்த சோளத்தை ஒரு கை அள்ளித் தின்றான். ஊதாச் சோளத் தண்ணீரைக் குடித்தான். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். காலுக்கடியில் கற்கள் சரிந்ததால் இரண்டு தரம் நிற்க வேண்டியிருந்தது.

"ஐயா, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன்."

"பேசு தம்பி" என்றபடி நிக்கனோரும் எழுந்தார்.

"எங்கப்பா செத்து ஆறு வருஷம்தான் ஆகுது. அவரை மாதிரி ஒரு மனுஷன் கிடையாது. எங்கம்மா அவரோட முப்பது வருஷம் வாழ்ந்தவங்க. அவங்களை நீங்க ரோட்டுல, ரொட்டி வரிசையில நின்னு, இருபது தடியனுங்க பாக்க, என்னமோ மிளகாய் விழுது கேக்குற மாதிரி கேட்டிருக்கீங்க. நான் வேலை செய்யிற இடத்துல என் முதுகுக்குப் பின்னாடி இல்ல, தலைக்கு மேலேர்ந்து சிரிக்கிறானுங்க. இதுக்கெல்லாம் நான்..."

"தனியாக் கேட்டிருக்கலாம்தான்" என்றார் நிக்கனோர். "மூணு வருஷமாப் பாத்தேன் தம்பி. உங்கம்மா தனியா இருக்கிற நேரம் எது? கூட்டம் இல்லாத நேரத்துல கடை இல்ல. கடை இல்லாத நேரத்துல வீட்டு வேலை. எங்க வந்து கேக்குறது?"

எடில்பெர்த்தோ மனப்பாடத்தில் விட்ட இடத்துக்கே திரும்பினான். நெஞ்சை நிமிர்த்தி, விரலை நீட்டி, "நான் இப்ப எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்குங்க! எங்கம்மா இந்த ஜென்மத்துல..." என்றான்.

நிக்கனோர் காதில் வாங்கவில்லை. அவர் கண் எடில்பெர்த்தோவின் தோளைத் தாண்டிப் போயிருந்தது.

"நான் பேசிக்கிட்டிருக்கேன்!"

"தம்பி, ஒரு நிமிஷம். அங்க பாரு."

தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. கொஞ்ச தூரத்தில் மேக நிழல்போலக் கறுப்பாக ஒரு திட்டு, ஆனால் மேலே மேகமில்லை. கூழைக்கடாக்கள் இறக்கையை மடக்கி, மூட்டை விழுவதுபோலத் தொப் தொப்பென்று விழுந்தன. திட்டு கரையை நோக்கி வந்தது. வர வரத் தண்ணீர் கொதித்தது. அடுத்த அலை எழுந்தபோது அதற்குள் தண்ணீரே இல்லை, முழுக்க நெத்திலி. கற்களின் மேல் வந்து கொட்டியது. அலை திரும்பிவிட்டது, மீன் திரும்பவில்லை. கரை நெடுகப் படபடவென்று, காய்ந்த எண்ணெயில் ஈரக் கை உதறினதுபோலச் சத்தம்.

"சூரை மீன் துரத்துது!" என்று நிக்கனோர் கத்தினார். "கரையேறிடுச்சு! அள்ளுங்க! அள்ளுங்க!"

சொராய்தா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேசைவிரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள். தட்டு, கிழங்கு, கோப்பை எல்லாம் கற்களில் உருண்டன. "டேய், அந்த முனையைப் பிடிடா!" என்று எடில்பெர்த்தோவின் நீட்டின விரலிலேயே துணியைத் திணித்தாள். இன்னொரு முனை நிக்கனோரின் கையில். "முழங்கால் தண்ணிக்குப் போங்க! தாழப் பிடி! தாழ!"

"என் ஷூ..."

"ஷூவைத் தூக்கிக் கடல்ல போடுடா!"

ஷூவோடு, பைகளில் மரித்சாவின் செருப்போடு இறங்கினான். இரண்டு பேரும் துணியை வளைத்துப் பிடிக்க, அடுத்த அலை அதற்குள் கொட்டியது. பாரத்தில் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. "இழு தம்பி! இப்ப இல்ல, அலையோட வா! இப்ப!" இரண்டு பேரும் ஒன்றாக மேடேறினார்கள். கொட்டினார்கள். திரும்ப ஓடினார்கள். மரித்சா வாணலியால் அள்ளி அடுப்புப் பெட்டியில் போட்டாள், பெட்டி நிறைந்ததும் பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் போட்டாள். சொராய்தா மண்டியிட்டு, கற்களின் இடுக்குகளிலிருந்து இரண்டு கையாலும் பொறுக்கினாள். உள்ளங்கையில் துள்ளல். கழுத்துக்குள் ஒன்று, ரவிக்கைக்குள் ஒன்று. கூச்சத்தில் கத்தினாள், கத்திக்கொண்டே பொறுக்கினாள்.

நெத்திலிக்குப் பின்னால் சூரைகள் வந்தன. முதுகில் கோடு போட்ட, முழங்கை நீள மீன்கள். துரத்தின வேகத்தில் தாங்களே கற்களில் மோதி ஏறின. ஃபியோரெல்லா கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். அடுத்த நிமிடம் ஒரு சூரையின் மேல் குப்புற விழுந்து கிடந்தாள்.

"புடிச்சிட்டேன்! அப்பா! புடிச்சிட்டேன்! அய்யோ, இது வாலால அடிக்குது!"

"செவுளைப் புடி! செவுளை!"

"செவுள் எங்க இருக்கு? நான் முடிவெட்டுறவ!"

சொராய்தா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, செவுளுக்குள் விரல் விட்டுக் காட்டினாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். ஃபியோரெல்லாவின் நெற்றியில் செதிள் ஒட்டியிருந்தது. "இன்னொண்ணு, அங்க பாருங்க, இன்னொண்ணு!" என்று சொராய்தாவின் கையை விடாமலே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் எடில்பெர்த்தோவுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வழுக்கைத் தலை தண்ணீரிலிருந்து மேலே வந்தது. கடற்சிங்கம். மூச்சை அவன் பிடரியில் விட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். கால் வழுக்கி மல்லாக்க விழுந்து உள்ளே போனான். அலை கற்களோடு சேர்த்து அவனையும் இழுத்தது.

"எடி!" என்று மரித்சா வாணலியைப் போட்டாள்.

நிக்கனோர் துணியை விட்டுவிட்டுப் பாய்ந்து, இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். எடில்பெர்த்தோ தண்ணீரைத் துப்பினான். கூடவே ஒரு நெத்திலியும் விழுந்தது.

"துணி!" என்றான் இருமலுக்கு நடுவில். "துணி போகுது ஐயா, துணியைப் புடிங்க!"

தெருவுக்குள் செய்தி போய்விட்டது. பைஜாமாவோடு ஒரு ஓய்வுபெற்ற மாலுமி குழந்தை குளிக்கும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு அம்மாள் தலையணை உறையோடு வந்தாள். யாரும் யாரிடமும் இது என் இடம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் போதும் போதுமென்று கிடந்தது. பிறகு, எப்படி வந்ததோ அப்படியே, தண்ணீர் தெளிந்தது. கூழைக்கடாக்கள் பறக்க முடியாத வயிற்றோடு மிதந்தன. கற்கள் மறுபடி செருமத் தொடங்கின.

ஐந்து பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை யாரும் இடுப்பை அசைத்துக் குழி பண்ணவில்லை, விழுந்த இடத்திலேயே இருந்தார்கள். படகுத் தார்ப்பாயின் மேல் மீன் குவிந்து கிடந்தது.

"பையில இன்னொரு செருப்பு எங்க?" என்று மரித்சா கேட்டாள்.

எடில்பெர்த்தோ பையைத் தட்டிப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. "கடற்சிங்கம் போட்டுக்கிட்டுப் போயிருக்கும்" என்றான். முதலில் சிரித்தது ஃபியோரெல்லாதான். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. சொராய்தாவுக்கு விலா வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படிச் சிரித்து எத்தனை காலம்.

சொராய்தா அடுப்பை மூட்டினாள். பாதி சுத்தம் பண்ணப் பண்ண, பாதி பொரிந்தது. நெத்திலிக்குக் கத்தி வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். எடில்பெர்த்தோ அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிள்ளினான். மற்ற மூன்று பேரும் தண்ணீரோரம் சூரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீ அவர்கிட்ட என்னம்மா பதில் சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவன் கை நின்றது. "ஒண்ணுமே சொல்லலையா? அப்புறம் எதுக்கு இந்த ரெண்டு வாரமா வீட்டுல இவ்வளவு சண்டை?"

"நீதானே போட்டே. நான் எப்போ போட்டேன்?"

அவன் இன்னும் ஒரு கை மீனை எடுத்துக் கிள்ளினான். தலைகள் ஒரு பக்கம் சேர்ந்தன.

"நான் அப்பா பேரைச் சொல்லிக் கத்தினேன். அது முழுசும் உண்மை இல்லம்மா." குரலை இறக்கினான். "நீ போயிட்டா மரித்சா என்கூட இருப்பாளா? நாங்க முகம் திருப்பிக்கிட்டு நின்னா நீதான் நடுவுல பூந்து ஒரு கிண்ணம் சூப்பு வெச்சு ரெண்டு பேரையும் உக்கார வெக்கிறே. நாளைக்கு யாரு வெப்பா? ராத்திரி வேலைக்குப் போயிட்டு வர்றேன், கதவைத் தொறந்தா வீடு காலியாக் கிடந்தா?"

சொராய்தா எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது. அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் அத்தைக்காகத்தான் உன்கூட இருக்கேன்னு நெனைச்சியா?"

மரித்சா, கையில் கழுவின மீனோடு, ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள். எடில்பெர்த்தோவுக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"சொல்லு" என்றாள்.

"ஆமா. நெனைச்சேன்."

"சரியாத்தான் நெனைச்சிருக்கே. பாதி நாள் அப்படித்தான்."

அவன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தான்.

"மீதிப் பாதி நாள்?" என்றான்.

"அது எதுக்குன்னு எனக்கும் தெரியணும்ல. அத்தை நடுவுல நின்னா எனக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் அவங்க போகட்டும்கிறேன்." மீனைத் தட்டில் வைத்தாள். "ராத்திரி வேலை முடிஞ்சு வந்து நீயே ஒரு நாள் சூப்பு வெச்சுப் பாரேன். நல்லா இல்லேன்னாலும் குடிக்கிறேன்."

"உப்பு கூடப் போடுவேன்."

"தெரியும்."

அவன் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்து, அவன் கிள்ளிய மீனையெல்லாம் திரும்ப எடுத்து, "இதுல குடல் அப்படியே இருக்கு, இதுலயும்" என்று மறுபடி கிள்ளினாள். சொராய்தா வாணலியில் மீனைப் புரட்டினாள். நடுவில் புகக்கூடாது என்று அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றினதும் தோள் லேசானது.

பொரித்த நெத்திலி மேல் எலுமிச்சை பிழிந்து, கையில் கிடைத்த ரொட்டியோடு தின்றார்கள். கற்களில் உருண்ட கிழங்கையும் ஊதித் தட்டித் தின்றார்கள். ஃபியோரெல்லா விரலை நக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பிஸ்கெட்டு இனிமே வேண்டாம்" என்றாள். "அப்புறம் அந்தக் கூழைக்கடா எதுன்னு எனக்குக் காட்டுங்க. அதுக்குன்னு நான் வாரத்துக்கு மூணு நாள் கேரட் நறுக்கியிருக்கேன்."

வெயில் சாய்வதற்குள் மீனைச் சேர்க்க வேண்டும். இந்த நாற்றத்தோடு எந்த வேன்காரனும் ஏற்றமாட்டான். கடல் வழியாகப் போனால் படகுத்துறை பக்கம்தான், அங்கே ஐஸ்காரன் இருக்கிறான், நாளைக் கடைக்கு மீன் வாங்க வேண்டியதில்லை. நிக்கனோர் படகை நிமிர்த்தினார். எல்லாரும் கை கொடுத்துக் கற்களின் மேல் இழுத்து, தார்ப்பாயோடு மீனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"துறையில இறக்கிக் குடுக்க ஒரு ஆள் வேணுமே" என்றார் நிக்கனோர்.

"நான் வர்றேன்" என்று ஃபியோரெல்லா கிளம்பினாள். மரித்சா அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஆ! இல்ல, எனக்குக் கடைக்கு நேரமாச்சு" என்றாள் ஃபியோரெல்லா.

சொராய்தா பாவாடையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு நிக்கனோரைப் பார்த்தாள். வாரின தலை கலைந்து, சட்டை முழுக்கச் செதிள். இப்போதுதான் அவர் அவராக இருந்தார்.

"உங்க வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"ஜன்னல் பக்கம். கடல் தெரியும்."

"சமைக்கிறப்போ கடலை யார் பாக்குறது? காத்து வருமா?"

"வரும்" என்றார். குரல் உடைந்துபோய் இன்னொரு தரம் சொன்னார். "நல்லா வரும்."

"கடையை நான் விடமாட்டேன். திங்கள்கிழமை திங்கள்கிழமை எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடணும். எங்க வீட்டுலயோ உங்க வீட்டுலயோ, எங்கயாவது."

"சரி."

"அப்ப சரி" என்றாள் சொராய்தா.

ஃபியோரெல்லா கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மரித்சா வெளிப்படையாகவே அழுதாள், அழுதுகொண்டே கைதட்டினாள். எடில்பெர்த்தோ யாரையும் பார்க்காமல் படகோரம் போய் நின்று, தோளைக் குனிந்து கொடுத்தான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மகனுடைய சட்டை சில்லென்று ஈரமாக இருந்தது, உள்ளே உடம்பு கொதித்தது. அவள் அவன் தலைமுடியிலிருந்து ஒரு செதிளை எடுத்துப் போட்டாள்.

"போய் முதல்ல தூங்கு. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு."

"உப்புத் தண்ணிம்மா."

அவன் பின்பக்கம் வந்து தோளை முட்டுக் கொடுத்தான். படகு அசையவில்லை. அடியில் கற்கள் உறுமின.

"அலை வரட்டும் தம்பி" என்றார் நிக்கனோர் துடுப்பை எடுத்தபடி. "கொஞ்சம் பொறு... இப்ப!"

தள்ளினான். படகு சறுக்கிக்கொண்டு இறங்க, சொராய்தா நிலை தவறி மீன் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பு கரை முழுக்கக் கேட்டது. தண்ணீர் எடில்பெர்த்தோவின் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. இரண்டு கையும் படகின் பின்பலகையிலேயே இருந்தன. கற்கள் முடிந்து கால் ஆழத்தில் தடவியது. அப்போதும் தள்ளிக்கொண்டே நடந்தான்.

"போதும் தம்பி, விடு" என்றார் நிக்கனோர் மெதுவாக. "மிதக்குது."

எடில்பெர்த்தோ இன்னும் இரண்டு எட்டு தள்ளிவிட்டுத்தான் கையை எடுத்தான்.